வின்ச் இருக்குல்லா!

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ஒரு ரப்பர் எஸ்டேட்டின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் சேறு, மேடு எதிலும் ஓடும் நாலுசக்கரத் திறந்த வண்டியான ஏடிவி நாலையும் நாங்கள் பிக்கப்பிலிருந்து இறக்கும்போது மணி ஏழு. ஐப்பசி மாதம். முந்தின ராத்திரி முழுக்க மழை. ரப்பர் இலையிலிருந்து அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. மழை நின்ற பிறகும் ரப்பர்க் காட்டுக்குள் ஒரு மணிநேரமாவது மழை பெய்யும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது அப்படியே உண்மை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மண்ணின் நிறமும் காற்றும் மாறிவிடும். மேற்கே மலையடிவாரத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் செம்மண். காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும், நனைந்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அந்த வழுக்கலில் வண்டி ஓட்டத்தான் நாங்கள் போனோம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அகலமான, காற்றுக் குறைவாக வைத்த நாலு டயரும் சகதியைக் கிழித்துக்கொண்டு போகும்போது, ஹேண்டில்பார் வழியாக மண்ணின் கனம் கைக்கு வரும். எந்த இடத்தில் அடிமண் கெட்டி, எந்த இடத்தில் வெறும் களி என்று மணிக்கட்டுக்கே தெரிய ஆரம்பிக்கும். தார்ரோட்டில் முப்பது வருஷம் ஓட்டினாலும் அந்த அறிவு கிடைக்காது.

ஐந்து பேர், நாலு வண்டி. மார்த்தாண்டத்துக்காரன்தான் எப்போதும் முதல் வண்டி. கையில் திறமை உள்ளவன், பயமே கிடையாது. இரண்டாவது நான். மூன்றாவது தக்கலைத் தம்பி, அவனுக்குப் பின்னால் அவன் மச்சினன் உட்கார்ந்திருந்தான். கடைசியில் குளச்சல் அண்ணன். விசைப்படகில் இருபது வருஷம் தொழிலுக்குப் போனவர், இப்போது கரையில் வலைக்கடை வைத்திருக்கிறார். கயிறு, வயர், கொக்கி, முடிச்சு விஷயத்தில் அவர் சொல்வதை நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் பாதி நாள் கேட்கவில்லை.

எஸ்டேட் முதலாளி தக்கலைத் தம்பிக்குத் தூரத்து உறவு. உள்ளே விட்டதற்கு மூன்று நிபந்தனை போட்டிருந்தார். எஸ்டேட் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, மரம் நிற்கும் தட்டுகளில் ஏற்றவே கூடாது. மேல் எல்லையில் வனத்துறை ஜண்டாக் கல் தெரிந்தால் அதோடு திரும்பிவிட வேண்டும். ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்களுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது. மூன்றும் நியாயமானவை. ரிசர்வ் காட்டுக்குள் இந்த வண்டிகளோடு நுழைவது சட்டப்படி குற்றம், அதற்கு மேலே அது யானை நடமாடும் இடம். முதல் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். மூன்றாவதில் தவறினோம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

வின்ச் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வண்டியிலும் மார்த்தாண்டத்துக்காரன் வண்டியிலும் மட்டும்தான் வின்ச் உண்டு. முன்பம்பருக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார், பக்கத்தில் ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்பு வயர் சுமார் 15 மீட்டர், நுனியில் கொக்கி. வண்டியின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஓடும். விசைப்படகில் மடிவலை இழுக்கிற வின்சும் இதே ஜாதிதான், ஆனால் அது எஞ்சின் பலத்தில் ஓடுவது. இது பாட்டரியை உறிஞ்சுவது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

வின்ச் என்றால் எனக்கு ஒக்கிப் புயல்தான் ஞாபகம். 2017 நவம்பர் 29 ராத்திரி தொடங்கி மறுநாள் வரை அடித்த அந்தக் காற்றில் எங்கள் பக்கத்து ரப்பர் மரங்கள் பாதி நடுவில் முறிந்தும் பாதி வேரோடு சாய்ந்தும் கிடந்தன. பல நாள் கரண்ட் இல்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கடற்கரை ஊர்கள் முழுக்க அழுதுகொண்டிருந்த நேரம் அது. மேட்டுப் பக்கத்தில் எங்களுக்கு ரோடு இல்லாமல் போனது. அறுப்புக்காரர்கள் கிளை கழிக்க, முன்னால் வின்ச் வைத்த ஒரு பழைய ஜீப் ஒவ்வொரு தடியாக இழுத்து ஓரத்தில் போட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த வழியாகப் பால் வண்டி வந்தபோது எங்கள் தெருவில் எல்லாரும் வெளியே வந்து நின்று பார்த்தோம். அன்றைக்கு அந்த ஜீப்பைச் சாமி மாதிரி பார்த்தேன். அந்த நம்பிக்கை மனதில் அப்படியே தங்கிவிட்டது. இழுக்கிற மெஷின் இருந்தால் எதுவும் நகரும் என்ற நம்பிக்கை.

ஆனால் அன்றைக்கே கண்ணெதிரில் இன்னொன்றும் கிடந்தது. சாய்ந்த ரப்பர் மரங்களின் வேர்மூட்டைப் பார்த்திருந்தேன். அவ்வளவு உயர மரத்துக்கு அந்த ஈரமண்ணில் பிடிமானம் எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்தவன் நான். பார்த்தும் மனதில் வாங்கவில்லை.

முதல் இரண்டு கிலோமீட்டர் அருமையாகப் போனது. ஒரு வளைவில் தக்கலைத் தம்பியின் வண்டி பக்கவாட்டில் வழுக்கிச் சால் ஒன்றுக்குள் இறங்கியது. நான் வயரை இழுத்துக் கொக்கி மாட்டி பட்டனை அழுத்தினேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, வண்டி மேலே வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்த ஒரு நிமிஷ வெற்றிதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சகதிக் குழியின் முன்னாலும் ஒரே பேச்சுத்தான். இறங்கி நடந்து பார்க்க வேண்டாம், கம்பு விட்டு ஆழம் பார்க்க வேண்டாம். "வின்ச் இருக்குல்லா! போவோம் லே."

குளச்சல் அண்ணன் மட்டும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று பார்த்தார். "கடல்ல இறங்குறதுக்கு முன்னால அலை எண்ணிட்டுதான் மக்கா இறங்குவோம். போட்டுல எஞ்சின் இருக்குன்னு யாரும் எண்ணாம இறங்குறதில்ல" என்றார். நாங்கள் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம்.

ஒன்பதரை இருக்கும். ரோடு ஒரு சின்ன ஓடையைக் கடக்கும் இடம். வெயில் காலத்தில் கணுக்கால் தண்ணீர் கூட இருக்காது. அன்றைக்கு இரண்டு பக்கமும் மேட்டிலிருந்து கரைந்து வந்த செம்மண் அங்கே தேங்கி, மேலே தண்ணீர் இல்லாமல் பளபளவென்று நின்றது. தண்ணீர் ஓடினால் அடி தெரியும். தேங்கிய தொளிக்கு அடி தெரியாது. கும்பப்பூ நெல்லுக்கு உழுது போட்ட வயலில் இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மார்த்தாண்டத்துக்காரன் லோ கியரில் போட்டு, நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும்படி பூட்டி, நேராக விட்டான். முதல் நாலு மீட்டர் போனது. அப்புறம் டயரின் பல்லுக்குள் எல்லாம் களி அடைத்துக்கொண்டது. பல் அடைந்த டயர் வெறும் உருண்டைதான். நின்ற இடத்திலேயே சுற்றித் தனக்குத்தானே குழி தோண்ட ஆரம்பித்தது. அவன் ஆக்சிலேட்டரை விடவில்லை. பத்து விநாடியில் வண்டி வயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. மட்கார்டு வரைக்கும் தொளி. ரப்பர் கருகிய வாடை வந்தது. தோட்டத்து வாடை இல்லை, எஞ்சின் பக்கத்து பெல்ட் வழுக்கிச் சூடாகிற வாடை.

"வின்ச் இருக்குல்லா" என்றான் அங்கிருந்தே.

இந்த இடத்தில் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது, பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வின்சின் மேல் எழுதியிருப்பது 3,500 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 1,590 கிலோ. வண்டியும் ஆளும் சாமானும் சேர்ந்து 450 கிலோவுக்குள்தான். அப்படியானால் தாராளம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த 1,590 என்பது வயரை ஏறத்தாழ முழுக்க உருவி, உருளையில் அடி அடுக்கு மட்டும் மிச்சம் இருக்கும்போது உள்ள பலம். வயர் அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தால் உருளை பருமனாகிறது, பருமனாக ஆக இழுவை குறைகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் பத்து, பதினைந்து சதவீதம் போகும். கொஞ்சம் வயரை மட்டும் உருவிப் பக்கத்து மரத்தில் மாட்டினால், எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட தேறுமா என்பது சந்தேகம். மறுபக்கம், சேற்றில் சிக்கிய வண்டி தன் எடையோடு நிற்பதில்லை. சக்கரம் புதைந்தால் வண்டி எடை அளவுக்கு இழுவை தேவை என்றும், மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு என்றும், அதற்கு மேல் போனால் மூன்று மடங்கு என்றும் மீட்பு வேலை சொல்லித்தருகிறவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு மடங்கு என்றாலே 900. மேலே ஏற்றம் வேறு. தாராளம் என்று நினைத்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றும் மிச்சமில்லை.

அவனுக்கு நேர் முன்னால், ஓடையின் அக்கரையில், ஏழெட்டு மீட்டரில் ஒரு ரப்பர் மரம். தக்கலைத் தம்பியின் மச்சினன் பக்கவாட்டில் பாறை வழியாகத் தாண்டிப் போய், வயரை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கொக்கியை வயரிலேயே மாட்டிவிட்டான். அதுவே தப்பு. வயரை வயரிலேயே மாட்டினால் மாட்டிய இடத்தில் நெரிந்து இழை உடையும். மரத்துக்கு அகலமான பெல்ட் போட்டு, அதில் வளையம் போட்டு, வளையத்தில்தான் கொக்கியை மாட்ட வேண்டும். பெல்ட் என் வண்டிப் பெட்டியில்தான் இருந்தது. எடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எடுக்கவில்லை.

இன்னொன்று. கட்டும் மரத்தில் எவ்வளவு தாழ்வாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது, மேலே கட்டினால் மரம் நெம்பும் என்பது வின்ச் பாடம். அதன்படி முட்டிக்கு மேலே, இடுப்புக்குக் கீழே வயர் போனது. ரப்பர் மரத்தில் அந்த உயரம் என்ன தெரியுமா? வெட்டுப்பட்டை.

பட்டன் அழுந்தியது. மோட்டார் முனகியது. வயர் கம்பி மாதிரி விறைத்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்திருக்கும். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளச்சல் அண்ணன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்து! நிறுத்து லே! மரம் ஆடுது!" என்று கத்தினார். நிமிர்ந்து பார்த்தேன். மரத்தின் உச்சி எங்களை நோக்கித் தலையாட்டியது. இலையில் இருந்த தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் மச்சினன் மேல் கொட்டியது. வேர்மூட்டுக்குப் பின்னால் மண்ணில் ஒரு விரல்கடை வெடிப்பு.

அதே நேரத்தில் மேட்டிலிருந்து இன்னொரு குரல். "ஏ பிள்ளையளா! அந்த மரத்துல என்னத்துக்குக் கம்பி போட்டிய?"

பால் எடுக்கிற அக்கா. ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் வாளி, தலையில் துண்டு, முழங்கை வரை உலர்ந்த பாலின் வெள்ளைப் படலம். மழைக்காலத்திலும் வெட்டு நடக்க வேண்டும் என்பதற்காக அந்த எஸ்டேட் மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். அதனால்தான் அவர் அன்றைக்கு வேலையில் இருந்தார். விடியும் முன்னே வெட்டி முடித்து, அந்த நேரத்தில் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து வந்துகொண்டிருந்தார்.

வின்சைத் தளர்த்தினோம். அவர் வாளியை வைத்துவிட்டு நேராக மரத்திடம் போனார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. வயரை விலக்கிப் பட்டையில் விரல் வைத்துப் பார்த்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்காவிட்டால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் அன்றைய வெட்டு, நூல் பிடித்தது போல ஒரே ஆழம். அதற்கு மேலே பழைய வெட்டுகள் ஆறி மூடி வரும் புதுப் பட்டை. கீழே இன்னும் கத்தி படாத பட்டை. அந்தக் கத்தி படாத பட்டையில் எங்கள் வயர் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குப் பதிந்திருந்தது. பதிந்த கோடு முழுக்கப் பால் துளிகள் வரிசையாக அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, மழைநீரில் கலந்து அடிமரம் வரைக்கும் வெள்ளையாக வழிந்தது.

"பால் பட்டையிலதான் இருக்கு. தடியில இல்ல" என்றார் அக்கா. "கத்தி ஒரு நூல் கூடப் போனா தடியில காயம் படும். பட்டா, மூடி வரும்போ முண்டும் முடிச்சுமா வரும். பொறவு அதுல கத்தி ஓடாது. நாங்க அதுக்குப் பயந்து பயந்து வெட்டுவோம். நீங்க கம்பிய வச்சு ஒரே இழுப்பு."

ஒரு ரப்பர்க் கன்று நட்டு வெட்டுக்கு வர ஏழு வருஷம் போல ஆகும். நெஞ்சு உயரத்தில், ஒன்றேகால் மீட்டரில், சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால்தான் கத்தி வைப்பார்கள். அங்கிருந்து அடிவரை உள்ள பட்டைதான் அந்த மரத்தின் வருமானம். முதலில் ஒரு பாதி, பிறகு மறு பாதி, பிறகு ஆறிவந்த பட்டை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மில்லிமீட்டர் ஒன்றரை மில்லிமீட்டராகச் சீவிச் சீவி வருஷக்கணக்கில் ஓட்டுவது. ஒரு நாளைக்கு முந்நூறு மரம் போல அந்த அக்கா பார்க்கிறார். அந்த முந்நூறில் ஒன்றை நாங்கள் ஒரு தூணாக மட்டும் பார்த்தோம். குலசேகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். என் தாத்தா ரப்பர் ஷீட் அடித்தவர். எனக்கு இது தெரியாமல் இல்லை. கையில் வின்ச் ரிமோட் இருந்த அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்ததெல்லாம் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

"அக்கா, தெரியாம..." என்று தொடங்கிய தம்பியை நான் நிறுத்தினேன். "தெரிஞ்சேதான் செஞ்சோம் அக்கா. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எங்கள் பின்பக்க மேட்டைக் கைகாட்டினார். "அங்க ஒரு அயனி நிக்குதுல்லா. எங்க அப்பா காலத்து மரம். கூப்புத் தடி பிடிக்க வந்த ஆனையக்கூட அதுலதான் கட்டிப் போடுவாங்க. ஒக்கியில இந்தப் பக்கம் எல்லாம் விழுந்துது, அது அசையல்ல. அதுல கட்டுங்க."

திரும்பிப் பார்த்தோம். வந்த வழியில், ரோட்டோரம், இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத அயனி. நாங்கள் அதைக் கடந்துதான் வந்திருந்தோம்.

"நான் முதல்லயே சொல்லணும்னு நெனச்சேன்" என்றார் குளச்சல் அண்ணன். "போன வழியேதான் திரும்ப இழுக்கணும். அந்தத் தடம் ஏற்கெனவே கிழிஞ்சு கிடக்கு. முன்னால புது மண்ணு." அதற்குப் பிறகு வேலை முழுக்க அவர் சொல்படிதான் நடந்தது.

என் வண்டியை அயனிக்கும் சகதிக்கும் நடுவில், சிக்கிய வண்டியைப் பார்த்து நிறுத்தினோம். வெறுமனே நிறுத்தி இழுத்தால் என்ன ஆகும் என்றும் முதலில் பார்த்துவிட்டோம். சிக்கிய வண்டி அசையவில்லை, என் வண்டிதான் பிரேக் பிடித்தபடியே சறுக்கிச் சகதியை நோக்கிப் போனது. 350 கிலோ வண்டி ஈரச் செம்மண்ணில் நங்கூரம் ஆகாது. அதனால் அகலப் பெல்ட்டை அயனியின் அடியில் சுற்றி, ஒன்பது மீட்டர் இழுவை வாரை அதில் கோத்து, என் வண்டியின் பின்கொக்கியில் மாட்டினோம். பெல்ட்டுக்கு அடியில் அயனிப் பட்டைக்கும் இரண்டு சாக்கு மடித்து வைத்தார் அண்ணன். யாரும் சொல்லாமலே வைத்தார்.

பிறகு கப்பி. கிணற்றுக் கப்பி மாதிரிதான், பக்கத்தகடு திறந்து வயரை நடுவில் போடலாம். அதைச் சிக்கிய வண்டியின் பின்கொக்கியில் மாட்டி, என் வின்ச் வயரைக் கப்பி வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து என் வண்டியின் முன்கொக்கியிலேயே கட்டினோம். இப்போது அந்த வண்டியை இழுப்பது இரண்டு வயர். பலம் இரட்டிப்பு, வேகம் பாதி. வயரை நிறைய உருவியதால் உருளையில் அடுக்கும் குறைந்தது, அதிலும் பலம் கூடியது. ஒரு பைசா செலவில்லாமல் வின்சைப் பெரிதாக்குகிற வழி இது. எட்டு மாதமாக அந்தக் கப்பி என் பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.

அக்கா ரப்பர் ஷீட்டைப் புகை போடும் புகைப்புரையிலிருந்து இரண்டு மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தார். மச்சினனும் மார்த்தாண்டத்துக்காரனும் முழங்கால் தொளியில் இறங்கி, பின்சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கினார்கள். வண்டி வயிற்றுக்கு அடியில் கையை விட்டுத் தொளியை வாரி எறிந்தார்கள். வயிற்றுத் தகடு சேற்றில் ஒட்டிக்கொண்டால் அட்டை உறிஞ்சிப் பிடித்தது போல நிற்கும். உள்ளே கொஞ்சம் காற்றுப் போக வழி செய்தால்தான் பிடி விடும். கவாத்து செய்து போட்டிருந்த காய்ந்த கிளைகளைச் சக்கரத்தடியில் திணித்தோம். இந்த வேலை முக்கால் மணிநேரம் ஆனது. வின்ச் ஓடியது மொத்தம் மூன்று நிமிஷம் கூட இருக்காது.

வயர் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார் அண்ணன். வயர் அறுந்தால் அடி சாக்கோடு தரையில் விழட்டும் என்பதற்காக. எல்லாரையும் வயர் நீளத்துக்கு மேலே தள்ளி நிறுத்தினார். "போட்டுல வயர் வலிஞ்சு நிக்கும்போ அதுக்க நேரே ஒருத்தனும் நிக்கப்பிடாது. தாண்டவும் பிடாது. அறுந்தா சத்தம் கேக்குறதுக்கு முன்ன ஆளு காலி" என்றார். இரண்டு வண்டிக்கும் நடுவில் குறுக்கே நடந்து வந்த தம்பியை அவர் அதட்டிய அதட்டலில் மேட்டில் நின்ற நாய் ஓடிவிட்டது.

எஞ்சினை ஓட்டத்தில் வைத்துத்தான் பட்டனைத் தொட்டேன். இந்த மோட்டார் முழுப் பாரத்தில் ஓடினால் நூறு ஆம்பியருக்கு மேலே உறிஞ்சும். ஏடிவியின் சின்ன பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? பத்து விநாடி இழுப்பு, ஒரு நிமிஷம் ஓய்வு. முதல் இழுப்பில் வார் விறைத்தது, அயனி ஒரு இலை கூட உதிர்க்கவில்லை. இரண்டாவது இழுப்பில் ஹெட்லைட் மங்கியது. மூன்றாவதில் "ளப்" என்று ஒரு சத்தம். சேறு வண்டியை விட்ட சத்தம். அதைக் கேட்டவுடன் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் "வருது!" என்று கத்தினோம். அக்காவும் சேர்ந்து கத்தினார். அந்த நிமிஷம் எனக்குக் கடற்கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற இடம் ஞாபகம் வந்தது. கரையில் இரண்டு வரிசையாக நின்று, மடி கரையேறும் கடைசி நேரத்தில் வேடிக்கை பார்க்க வந்தவனும் கயிற்றைப் பிடித்துவிடுவான்.

வண்டி கெட்டித்தரைக்கு வந்தபோது மணி பதினொன்றேகால். ஓடையைத் தாண்டிப் போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. மார்த்தாண்டத்துக்காரன்தான் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி, "திரும்புவோம்" என்றான்.

அதற்கு முன்னால் அக்காவின் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் கூடவே நானும் தம்பியும் மீதி மரங்களுக்குப் போனோம். எங்களால் அவருக்கு ஒரு மணிநேரம் போயிருந்தது. நேரம் கடந்தால் பால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும், அதற்கு விலை குறைவு. ஒவ்வொரு சிரட்டையாகக் கவிழ்த்து, விரலால் வழித்து, திருப்பி வைத்துக் கொடுத்தோம். சிரட்டையைக் கவிழ்த்து வைக்கும் கோணம்கூட அவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. காயம்பட்ட மரத்துக்கு அவர் ஒரு டப்பாவிலிருந்து மெழுகு எடுத்துப் பூசினார். வேர்மூட்டு வெடிப்பில் மண் போட்டு நாங்கள் மிதித்தோம். முதலாளிக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மரத்துக்கான பணத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்றும், அக்கா மேல் எந்தக் குறையும் வரக் கூடாது என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு" என்றார்.

மத்தியானம் குலசேகரத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடும்போது ஒரு விஷயம் பேசி முடிவு செய்தோம். இனிமேல் சகதி முன்னால் நின்றால், வின்ச் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு எடுப்பது. முதல் ஆள் இறங்கி நடந்து கம்பு விட்டுப் பார்ப்பது. எந்த இடத்தில் கட்டலாம் என்ற மரத்தை இறங்கும் முன்னே பார்த்து வைப்பது, அது பால் மரமாக இருந்தால் அது மரக் கணக்கிலேயே சேராது. வரிசையில் முதல் வண்டி இனி குளச்சல் அண்ணனுடையது. அவர் வேண்டாம் என்றார், நாங்கள் விடவில்லை.

மறுநாள் வீட்டு முற்றத்தில் வயரை முழுக்க உருவிக் கழுவினேன். சகதியோடு சுற்றி வைத்தால் உள்ளேயே துருவேறும், கோணலாகச் சுற்றினால் அடுத்த முறை மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் இறங்கிச் சிக்கும். என் மகள் நுனியைப் பிடித்து இறுக்கமாக நிற்க, நான் ஒவ்வொரு சுற்றாக ஒட்டி ஒட்டிச் சுற்றினேன். சாயங்காலம் மார்த்தாண்டத்துக்காரனும் அவன் வயரைக் கொண்டுவந்தான். மரத்தில் நெரிந்த இடத்தில் நாலைந்து இழை உடைந்து முள் மாதிரி நின்றது. இனி அதை வைத்து இழுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். கொக்கியிலிருந்து ஒரு முழம் தள்ளி, வயரைச் சுற்றி ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது. களி என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தபோது நீண்டது. அந்த மரத்தின் பால், வயரின் முறுக்கு அச்சு அப்படியே பதிந்து, ஒரு விரல் நீள உறையாகக் கழன்று கையில் வந்தது. அவன் அதை வாங்கி, இழுத்து விட்டு, இழுத்து விட்டுப் பார்த்தான். பிறகு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.